பூட்டாத கேட்டுக்கு மூன்று காரணங்கள்

1

இந்தக் கதையை எழுதும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. தேஜாதான் கேட்டாள். "நீ எழுது நஸ்ரி. எழுதினீன்னா எனக்கே தெரிஞ்சுபோகும்" என்றாள்.

என்ன தெரிந்துபோகும் என்பதை முதல் பிரதியில் நடுப்பக்கம் வரை மறைத்து வைத்திருந்தேன். திருப்பி வாசித்தபோது எனக்கே எரிச்சலாக இருந்தது. ஆகவே இப்போதே சொல்லிவிடுகிறேன். காரமடையில் தேஜாவின் வீட்டு கேட், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பூட்டாமல் கிடந்தது. அதைப் பூட்ட வேண்டியவள் அவள். மறந்தாளா, வேண்டுமென்றே விட்டாளா என்பது அவளுக்கே தெரியவில்லை. கதை எழுதுகிறவளுக்குத் தெரியும் என்று நம்பி என்னிடம் கொடுத்திருக்கிறாள்.

எனக்கும் தெரியவில்லை. அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் எழுத ஆரம்பித்தேன்.

என் பெயர் நஸ்ரியா. கோயமுத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் வேலை. மோட்டாரோடு அட்டைப்பெட்டிக்குள் வரும் சிறு புத்தகத்தைத் தமிழில் எழுதுவேன். "முதலில் மின் இணைப்பைத் துண்டிக்கவும். பிறகு மூடியைக் கழற்றவும்." அங்கே ஒரு வாக்கியத்துக்கு இரண்டு பொருள் வந்துவிட்டால் யாருக்காவது ஷாக் அடிக்கும். இது போக அவ்வப்போது கதைகளும் எழுதுகிறேன். கதைக்குள் இருக்கிற ஆளே வாசித்துத் திருத்தம் சொல்வது இதுதான் முதல் தடவை.

பெயரை மாற்று, ஊரை மாற்றாதே என்பது அவள் போட்ட நிபந்தனை. தேஜா என்பது நான் வைத்த பெயர். "நல்லாத்தான் இருக்குது. எங்கம்மாவுக்கு இது தோணாமப் போச்சு பாரு" என்றாள்.

2

கைவிட்ட தொடக்கங்கள்:

(தேஜாவின் லேப்டாப் திரையில் ஓர் அறை இருந்தது. அந்த அறைக்குக் கதவு ஒன்றுதான். அது வெளிப்பக்கம்—)

வேண்டாம். அறை, கதவு என்று ஆரம்பித்ததுமே நீங்கள் முந்திக்கொள்வீர்கள். 'சரி, இவளும் ஓர் அறைக்குள் அடைபட்ட பெண்' என்று. நானும் யஷ்வந்தும் அப்படித்தான் முந்திக்கொண்டோம்.

(கல்யாணமாகிக் காரமடைக்குப் போன பிறகு தேஜா கோயமுத்தூர் பக்கம் வருவதே—)

இதுவும் அதே பக்கம்தான் இழுக்கிறது.

(நாங்கள் மூன்று பேர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் விளையாட உட்காருவோம்.)

இது இருக்கட்டும்.

மூன்று பேரும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். யஷ்வந்த் பீளமேட்டில் ஒரு ஐடி கம்பெனியில் இருக்கிறான். நான் உக்கடம் பக்கம். தேஜா காரமடையில் மாமனார் வீட்டில் இருக்கிறாள். அவள் கணவன் மிதுனுக்கு மஸ்கட்டில் வேலை.

நாங்கள் விளையாடுவதற்கு எஸ்கேப் ரூம் என்று பெயர். திரையில் ஓர் அறை வரும். கடிகாரக் கடை, கப்பலின் அடித்தளம், பல் டாக்டரின் கிளினிக், இப்படி ஏதாவது. நாம் அதற்குள் மாட்டிக்கொண்டோம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். மேசை டிராயரைத் தொட்டால் திறக்கும். உள்ளே ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். சீட்டில் இருக்கும் கிறுக்கலுக்கும் சுவரில் மாட்டிய படத்துக்கும் ஏதோ தொடர்பு இருக்கும். அதைப் பிடித்தால் பூட்டின் எண் கிடைக்கும். மேலே மூலையில் நேரம் குறைந்துகொண்டே வரும். மூன்று பேரும் அவரவர் வீட்டில் இருந்தபடி ஹெட்ஃபோனில் கத்திக்கொண்டே தேடுவோம். லாக்டவுன் காலத்தில் பொழுதுபோகாமல் ஆரம்பித்தது. அதற்குப் பிறகு உலகமே வெளியே போய்விட்டது, நாங்கள் விடவில்லை.*

* இங்கே யஷ்வந்த் ஒரு ஆட்சேபம் எழுப்பியிருக்கிறான். "நான் விட்டுடலாம்னு நாலு தடவ சொன்னேன். நீங்க ரெண்டு பேரும்தான் கேக்கல." பதிவு செய்துகொள்கிறேன்.

தேஜாதான் எங்களில் கெட்டிக்காரி. நானும் அவனும் பூட்டையே முறைத்துக்கொண்டிருக்கும்போது, "அந்தக் காலண்டரைப் பாருங்க, ஞாயிற்றுக்கெழம கறுப்பா இருக்குது, செவப்பால்ல இருக்கோணும்?" என்பாள். கதவு திறந்துவிடும். நாங்கள் கூச்சல் போடுவோம். அவள் மட்டும் கூச்சல் போட மாட்டாள். "அதுக்குள்ள முடிஞ்சுபோச்சா?" என்பாள்.

3

இந்த விளையாட்டை விடாமல் ஆடினால் ஒரு கோளாறு வந்துவிடுகிறது. எல்லாமே துப்பாகத் தெரிகிறது. சும்மா கிடக்கும் பொருள் என்று ஒன்று உலகத்தில் இருப்பதையே மனசு ஒப்புக்கொள்வதில்லை.

தேஜா வீட்டிலிருந்து எங்களுக்குக் கிடைத்த துப்புகள்:

அவள் கேமராவைப் போட மாட்டாள். ஆட்டத்துக்கு நடுவில் "ஒரு நிமிசம்" என்று எழுந்து போவாள். அப்போது இரும்பு இழுபடும் சத்தம் கேட்கும். யஷ்வந்தின் தங்கச்சி கல்யாணத்துக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கடையில் புடவை எடுக்க என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். அன்று காலையில் "முடியாது நஸ்ரி, வெளிய வர முடியாது" என்று மெசேஜ் போட்டாள். ஏன் என்று கேட்டால் வெறும் ஒரு சிரிப்புப் பொம்மை வந்தது.

பிறகு ஒரு நாள், நாங்கள் கப்பலின் அடித்தளத்தில் மாட்டிக்கொண்டிருந்தபோது, அவள் பக்கத்திலிருந்து யாரோ இரும்பைப் படபடவென்று தட்டும் சத்தம் வந்தது. தட்டிக்கொண்டே இருந்தது.

"என்ன தேஜா அது?" என்றான் யஷ்வந்த்.

"நாயி" என்றாள்.

அவள் வீட்டில் நாய் கிடையாது. எங்களுக்குத் தெரியும். நாய் அப்படித் தட்டவும் தட்டாது.

அன்று ஆட்டம் முடிந்ததும் யஷ்வந்த் எனக்குத் தனியாகப் போன் செய்தான். "அவளை உள்ள வெச்சுப் பூட்டறாங்க நஸ்ரி. எனக்கு நல்லாத் தெரியுது."

"யாரு பூட்டுவா? மிதுன் மஸ்கட்ல இருக்காரு."

"மாமனார் இருக்காருல்ல."

நான் அவரைக் கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன். திருமலைசாமி. காரமடையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள், அதாவது காயில், கட்டும் பட்டறை வைத்திருந்தவர். வெள்ளை வேட்டியும் கனமான குரலுமாகப் பந்தி பந்தியாகப் போய் எல்லாரையும் சாப்பிடச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மருமகளைப் பூட்டி வைப்பாரா? மனசுக்குள் அவரை ஒரு பூட்டோடு நிற்க வைத்துப் பார்த்தேன். வெட்கமாகச் சொல்கிறேன், பொருத்தமாகத்தான் இருந்தது. ஒரு மனிதரைக் கெட்டவராக்கக் கதை எழுதுகிறவளுக்கு ஒரு வேட்டியும் ஒரு குரலும் போதும்.

4

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் விளையாட உட்காரவில்லை. யஷ்வந்தின் காரில் மேட்டுப்பாளையம் ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள் என்று அவன் நினைத்தான். வழியெல்லாம் என்ன பேச வேண்டும் என்று ஒத்திகை பார்த்தோம். மாமனார் கேட்டைத் திறக்க மறுத்தால் அவன் பேசுவது. அவள் அழுதால் நான் பேசுவது.

(இங்கே ஒரு பத்தி இருந்தது. வழியில் தெரிந்த மலை, மில் சுவர்கள், என் நெஞ்சின் படபடப்பு. எடுத்துவிட்டேன். உண்மையில் நாங்கள் பாதி தூரம், பார்க்கிங் கிடைக்குமா என்றுதான் பேசிக்கொண்டு போனோம்.)

வீடு மெயின் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. முன்னால் ஆளுயர கிரில் கேட். அதில் ஒரு பெரிய பூட்டு. யஷ்வந்த் என்னைப் பார்த்தான். 'பார்த்தாயா?' என்பது போல.

ஆனால் பூட்டு உள்பக்கமாகத் தொங்கியது.

அதை நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். இரண்டு பேரும் அதன் அர்த்தத்தைப் பிடிக்கவில்லை. காலண்டரில் ஞாயிற்றுக்கிழமை என்ன நிறம் என்று சொல்பவள் உள்ளே இருந்தாள்.

பெல் அடித்தோம். தேஜா நைட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டபடி வந்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் முகம் முதலில் மலரவில்லை. முதலில் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தாள். பிறகுதான் சிரித்தாள்.

"என்னடி இது, சொல்லாமக் கொள்ளாம! ரெண்டு பேரும் வந்து நிக்கறீங்க!"

தாலிக்கொடியில் சேஃப்டி பின்னோடு சேர்த்து ஒரு சாவி மாட்டியிருந்தாள். குனிந்து, அந்தச் சாவியால் பூட்டைத் திறந்தாள். எங்களை உள்ளே இழுத்தாள்.

அதற்குப் பிறகு என்ன செய்தாள்?

இதுதான் அந்த இடம். அவள் கேட்டைச் சாத்தினாள், அதில் சந்தேகமில்லை. பூட்டினாளா? நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். யஷ்வந்த் கார் சரியாக நிற்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் மூன்று பேரும் அங்கேதான் இருந்தோம். ஒருவருக்கும் நினைவில்லை.

5

ஹாலில் திருமலைசாமி டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து நின்று கும்பிட்டார்.

"வாங்க, வாங்க. உக்காருங்க. ஏனுங்க, எந்தூருங்க?"

"கோயமுத்தூருங்க" என்றான் யஷ்வந்த்.

"அப்படீங்களா. மோட்டார் கொண்டாந்தீங்களா? வண்டியில இருக்குதுங்களா?"

தேஜா சமையலறையிலிருந்தே பதில் சொன்னாள். "இவங்க என்ற கூடப் படிச்சவங்க மாமா. சும்மா பாக்க வந்திருக்காங்க."

"அப்படீங்களா. உக்காருங்க." உட்கார்ந்தார். டிவியைப் பார்த்தார். திரும்பினார். "ஏனுங்க, எந்தூருங்க?"

சமையலறையில் தேஜா டீ போட்டபடி மெதுவாகச் சொன்னாள். மறதி. ஒரு வருசத்துக்கு மேலாகிறது. பட்டறையைத் திறக்கப் போகிறேன் என்று கிளம்பிவிடுவார். பட்டறையே இப்போது இல்லை. அந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. ஒரு தடவை மேட்டுப்பாளையம் ஆற்றுப் பாலத்தில் நின்றவரை யாரோ அடையாளம் கண்டு கூட்டி வந்தார்கள். அதற்குப் பிறகுதான் மிதுன் போனில் சொன்னார், கேட்டைப் பூட்டிவிடு என்று.

"அப்போ அன்னிக்குத் தட்டுனது..." என்றேன்.

"மாமாதான். வேற யாரு?"

"நாய்ன்னு சொன்னே."

கரண்டியைக் கீழே வைத்தாள். "என்னன்னு சொல்லுவேன் நஸ்ரி? பெரியவரை உள்ள வெச்சுப் பூட்டிப்போட்டு நான் கேம் வெளையாடிட்டு இருக்கறேன்னா? அந்த ஒரு மணி நேரந்தான் எனக்குன்னு இருக்குது. அதுல நான் வேற எங்கயோ இருப்பேன். கப்பல்ல இருப்பேன். பல்லு டாக்டர் ஊட்ல இருப்பேன்."

நான் அவளைப் பூட்டப்பட்டவள் என்று நினைத்து வந்திருந்தேன். பூட்டுகிறவளின் சமையலறையில் நின்று டீ வாங்கிக்கொண்டேன்.

(இந்தப் பகுதியின் பழைய பிரதியில் திருமலைசாமியை ரொம்ப இனிமையான மனிதராக எழுதியிருந்தேன். தேஜா வாசித்துவிட்டுப் போன் செய்தாள். "மாமா நல்லவருதான். ஆனா நீங்க வந்ததுக்கு மொத நாளு கேட்டை மறிச்சு நின்னதுக்குச் சொம்பால என்ற தோள்ல அடிச்சாரே, அதை ஏன் எழுதல?" அது எனக்குத் தெரியாது என்றேன். "இப்பத் தெரியுதில்ல, போடு" என்றாள். "அடிச்சுப்போட்டு அவரே தைலம் எடுத்துட்டு வந்து குடுத்தாரு. அதையும் போடு." இரண்டையும் எந்த வரிசையில் போடுவது என்று தெரியாமல் அடைப்புக்குறிக்குள் வைத்திருக்கிறேன்.)

6

எங்களுக்குப் பெரிய நிம்மதி. அந்த நிம்மதியில் கொஞ்சம் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். இத்தனை வருசத்தில் மூன்று பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து விளையாடியதே இல்லை என்று யஷ்வந்த் கண்டுபிடித்தான். தேஜா லேப்டாப்பை உள்ளறைக் கட்டிலில் கொண்டுவந்து வைத்தாள். கடிகாரக் கடையை எடுத்தோம். நாங்கள் ஜெயிக்காத ஒரே அறை அதுதான்.

அவள் அன்று சிரித்ததை நான் எழுதியாக வேண்டும். ஹெட்ஃபோனில் கேட்டுப் பழகிய சிரிப்பு வேறு. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால், தொடையில் அடித்து, உடம்பைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறாள். யஷ்வந்த் ஏதோ தப்பான முள்ளைத் திருப்பியதும், "அட கூறுகெட்டவனே, அது நிமிச முள்ளுடா!" என்று அவன் தலையில் தட்டினாள். அந்த ஆட்டம் முழுக்க அவள் ஒரு தடவைகூட "ஒரு நிமிசம்" என்று எழுந்து போகவில்லை.

(இந்த வாக்கியத்தை நான் வேண்டுமென்று எழுதினேனா, எழுதும்போது வந்து விழுந்ததா? இதை வாசித்தால் நீங்கள் ஒரு முடிவுக்குப் போவீர்கள். அந்த முடிவு சரியா என்று எனக்குத் தெரியாது. அடிக்கலாமா என்று பார்த்தேன். நடந்தது நடந்ததுதான். இருக்கட்டும்.)

கடைசிக் கடிகாரம் மணி அடித்தது. கதவு திறந்தது. மூன்று பேரும் கூச்சல் போட்டோம். இந்தத் தடவை தேஜாவும் போட்டாள்.

கூச்சல் அடங்கியதும் ஹாலில் டிவி தனியாகப் பேசிக்கொண்டிருப்பது கேட்டது.

நாற்காலி காலியாக இருந்தது. கேட் ஓர் ஆள் போகும் அளவுக்குத் திறந்திருந்தது. பூட்டு கொண்டியில் வாய் திறந்தபடி தொங்கியது. தேஜா தன் கழுத்தைத் தடவினாள். சாவி அங்கேயேதான் இருந்தது.

7

யஷ்வந்த் காரை எடுத்துக்கொண்டு கோயில் பக்கம் போனான். தேஜா நைட்டியோடு, செருப்பில்லாமல் சந்தில் ஓடினாள். நான் பின்னால். செல்போன் கடையில் இல்லை. பேக்கரியில் கேட்டோம். "பெரியவருங்களா? இப்பத்தான் மெயின் ரோட்டுப் பக்கம் போனாருங்க" என்றார் கல்லாவில் இருந்தவர்.

மெயின் ரோடு. ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஊட்டிக்குப் போய்த் திரும்பும் கார்கள் விடாமல் போய்க்கொண்டிருந்தன. எதிர்ப்பக்க பஸ் ஸ்டாப்பில் அவர் நின்றுகொண்டிருந்தார். வேட்டியை ஒழுங்காகக் கட்டி, சட்டைப் பொத்தான்களைப் போட்டு, ஊருக்குப் போகிற மனிதர் மாதிரி. பக்கத்தில் ஒரு பெண் காய்கறி மூட்டையோடு நின்றிருந்தாள்.

தேஜா ரோட்டின் இந்தப் பக்கம் நின்றாள். நான் வந்து சேர்வதற்குள் கோயமுத்தூர் பஸ் வந்துவிட்டது.

பஸ் அவரை மறைத்தது.

எனக்குக் கத்துவதற்கு மூச்சில்லை. தேஜா கத்தவில்லை. கையை ஆட்டவில்லை. கண்டக்டர் ஏதோ கூவுவது கேட்டது. யாரோ மூட்டையைத் தூக்கிப் படியில் போடும் சத்தம். பஸ் ஜன்னல்களில் முகங்கள். அவர் முகம் அவற்றில் இருக்கிறதா என்று நான் தேடினேன். தேஜா ஜன்னல்களைப் பார்க்கவில்லை. பஸ்ஸின் மேல் எங்கேயோ ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை நேரம் என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு பஸ் நிற்கிற நேரம்.

பஸ் கிளம்பியது.

அவர் அங்கேயே நின்றிருந்தார். பஸ்ஸில் ஏறிவிட்ட பெண்ணைப் பார்த்து, "பாத்துப் போங்க அம்மணி" என்று கையை உயர்த்திக்கொண்டிருந்தார்.

"மாமா!" என்று தேஜா அப்போதுதான் கத்தினாள். இரண்டு பக்கமும் பார்க்காமல் ரோட்டைக் கடந்தாள். ஒரு கார் கிறீச்சென்று நின்றது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க போனீங்க? எங்கதான் போனீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"பட்டறையத் தொறக்கோணும் கண்ணு" என்றார்.

யஷ்வந்த் வந்து காரில் ஏற்றியபோது அவனிடம், "கோயமுத்தூர் போய்ச் செம்புக் கம்பி எடுக்கோணுங்க" என்றார்.

வீட்டு வாசலில் இறங்கும்போது நான் கை கொடுத்தேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "விருந்தாளுக வந்திருக்கீங்க. ஊட்ல திங்கறதுக்கு ஒண்ணுமில்ல. அந்தப் புள்ள தனியாக் கெடந்து சிரமப்படுது. அதான் ஏதாச்சும் வாங்கியாரலாம்னு போனேனுங்க."

மூன்று பேருக்கு மூன்று பதில். இதில் எது உண்மை என்று நீங்கள் கேட்டால், என்னிடம் சொன்னதைத்தான் நான் நம்ப விரும்புகிறேன். ஆனால் அது என்னிடம் சொன்னது என்பதால்தான் அப்படி விரும்புகிறேனோ என்னவோ.

இதைத் தேஜாவிடம் சொன்னேன். வாசற்படியில் உட்கார்ந்து துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து கேட்டைப் பூட்டினாள். இந்தத் தடவை நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம்.

8

முடிவுகளுக்கு வருகிறேன். கேட் ஏன் திறந்து கிடந்தது என்பதற்கு மூன்று காரணங்கள் எழுதி, ஒவ்வொன்றாக அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

முதல் காரணம். அவள் மறந்தாள். நாங்கள் போய் நின்றது அவ்வளவு சந்தோஷம். பூட்டு, சாவி, மாமனார் எல்லாம் ஒரு கணம் கல்லூரிக் கால நினைவுக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டன.

அவள் பதில்: "படிக்க நல்லாருக்குது. ஆனா நான் பாலு அடுப்புல இருக்கறதக்கூட மறக்க மாட்டேன் நஸ்ரி. உனக்கே தெரியும்."

இரண்டாவது காரணம். அவள் தெரிந்தே விட்டாள். கை பூட்டு வரை போனது, நின்றது. ஒரே ஒரு மத்தியானம் யாரும் யாரையும் பூட்டாமல் இருக்கலாம் என்று நினைத்தாள். அல்லது இன்னும் மோசமாக எதையோ நினைத்தாள்.

டைப் செய்வதும் நிறுத்துவதுமாக இருந்தது திரையில் தெரிந்தது. கடைசியில் ஒரு வரி வந்தது. "இல்லைன்னு சொல்லத் தெரியல."

மூன்றாவது காரணம். அவள் பூட்டினாள். அவர் திறந்தார். வாழ்நாளெல்லாம் மோட்டாரைப் பிரித்துப் பூட்டிய விரல்கள். சாவி இல்லாமல் ஒரு பூட்டைத் திறக்க அவருக்குத் தெரியாதா?

"இதையே வெச்சுக்கலாம்னு ஆசையாத்தான் இருக்குது. ஆனா அத்தன நாளு தட்டிட்டே கெடந்தவரு, அன்னிக்கு மட்டும் எப்படித் தொறந்தாருன்னு கேப்பாங்கல்ல?"

யார் கேட்பார்கள் என்றேன். மிதுன் கேட்டாராம். அந்த வாரமே நடந்ததை அவள்தான் அவரிடம் போனில் சொல்லியிருக்கிறாள். மிதுன் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "மறந்துட்டியா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். அவள் "ஆமாங்க" என்றிருக்கிறாள். அடுத்த மாதம் லீவில் வந்து அப்பாவை டாக்டரிடம் காட்டினார். பகலில் கூடமாட இருக்க ஒரு அம்மாளை ஏற்பாடு செய்துவிட்டுப் போனார். இப்போது தேஜாவால் நடுவில் கொஞ்சம் வெளியே போய்வர முடிகிறது. போன வாரம் ஆர்.எஸ்.புரம் வந்தாள். நாங்கள் புடவை எடுத்தோம்.

"நான் ஆமாங்கன்னு சொன்னது பொய்யா, நெசமான்னுதான் எனக்குத் தெரியோணும்" என்று கடையில் நின்று, ஒரு பச்சைப் புடவையைத் தோளில் போட்டுப் பார்த்தபடி சொன்னாள். "அவுரு என்னை நம்பிட்டாரு. அதுதான் சங்கட்டமா இருக்குது."

"மிதுன் இதைப் படிச்சார்னா?"

"அவுரு கதையெல்லாம் படிக்க மாட்டாரு."

9

ஏழாம் பகுதியை மட்டும் அவளுக்கு அனுப்பாமல் வைத்திருந்தேன்.

காரணம் உங்களுக்குத் தெரியும். அவள் என்னிடம் கேட்டது கேட்டைப் பற்றி. பஸ் ஸ்டாப்பைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. அன்று வீடு திரும்பும் வழியில் அதை யஷ்வந்திடம் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன். ஓடி வந்தவள் மூச்சு வாங்க நின்றாள்; அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். (அவள் நின்றாள், ஏனென்றால்—) என்று ஒரு வாக்கியம் ஆரம்பித்து மூன்று நாள் அப்படியே கிடந்தது. அவள் நின்ற அந்த இடம் இல்லாமல் கதையைப் படித்துப் பார்த்தேன். அவர் தொலைந்தார், கிடைத்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எழுதாமலே இருந்திருக்கலாம் போலிருந்தது.

அனுப்பிவிட்டேன்.

அவள் வாசித்துவிட்டதற்கான நீலக் குறி வந்தது. அன்று முழுக்கப் பதில் இல்லை. மறுநாள் காலையில் ஒரு வாய்ஸ் நோட் வந்தது. கம்பெனியில் என் மேசையில் உட்கார்ந்து காதில் வைத்துக் கேட்டேன்.

"நின்னதையும் பாத்துட்டியாடி" என்று ஆரம்பித்தாள். குரலில் கோபம் இல்லை. "நீ பின்னாடி வந்துட்டு இருந்தீன்னு நெனச்சேன். பாத்திருக்க மாட்டீன்னு நெனச்சேன்." குக்கர் விசில் ஒன்று கேட்டது. "கேட்டைப் பூட்டுன விசயம் எனக்குத் தெரியாது நஸ்ரி. சத்தியமாத் தெரியாது. நீ எழுதியும் தெரியல. ஆனா பஸ்ஸுக்கு இந்தப் பக்கம் நின்னேன் பாரு, அது ஏன்னு தெரியும். அது எனக்கு அப்பவே தெரியும்."

பிறகு அதைச் சொன்னாள். ஒரே வாக்கியம்.

அதை இங்கே எழுதினேன். எழுதி வாசித்தபோது அது அவளைப் பற்றிய தீர்ப்பு மாதிரி இருந்தது. அவள் குரலில் அது அப்படி இருக்கவில்லை. பேச்சுத்தமிழில் மாற்றினேன், அழித்தேன். அடைப்புக்குறிக்குள் வைத்துப் பார்த்தேன். அதையும் அழித்தேன். அவளிடம் கேட்டேன், போடட்டுமா என்று. "உன்ற இஷ்டம்" என்றாள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று பதினைந்து வருசமாகப் பழகியும் எனக்குப் பிடிபடவில்லை.

ஆகவே அந்த வாக்கியம் இந்தக் கதையில் இல்லை. அதற்குப் பதிலாக உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்த மத்தியானத்துக்குப் போய் தேஜாவுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். காலில் செருப்பில்லை, தார் ரோடு சுடுகிறது. தோளில் சொம்பு பட்ட இடம் கன்றிப்போயிருக்கிறது. பஸ் எதிரில் நிற்கிறது, அதற்குப் பின்னால் அவர் இருக்கிறார். அவர் ஏறலாம், ஏறாமலும் போகலாம். பஸ் இன்னும் கிளம்பவில்லை. அது கிளம்புகிற வரைக்கும் உங்கள் மனசு எதை வேண்டிக்கொள்கிறது என்று பாருங்கள்.

என்னிடம் சொல்ல வேண்டாம்.